பெறுபேற்றுப் பதாகை எங்கே?

வாசகர் ஒருவர், 12 ஜூலை 2025, காலை

பதினொன்றாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. மேல்பிரிவுப் பாடசாலைக்காரர்கள் நேற்று மாலையே சந்தியில் பதாகை கட்டிவிட்டார்கள். நம் பாடசாலையில் மூன்று பேருக்கு ஒன்பது ஏ கிடைத்திருப்பதாக அறிகிறேன். பழைய மாணவர் சங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது? செயலாளரே அச்சுக்கடை வைத்திருந்தும் ஒரு பதாகைக்கு வழியில்லை என்றால் பாடசாலையின் செய்தி வெளியே எப்படிப் போகும்?

12 ஜூலை, பிற்பகல்

அந்தச் செயலாளர் நான்தான். மூன்றாவது மாணவியின் புகைப்படம் இன்னும் கைக்கு வராததே தாமதத்துக்குக் காரணம். மற்ற இருவருக்கும் அடையாள அட்டை விண்ணப்பத்துக்காக எடுத்த படம் ஸ்டூடியோவில் கிடைத்தது. இவருடைய படத்தை அவர்கள் அழித்துவிட்டார்கள். படமில்லாமல் பெயரை மட்டும் போடலாம் என்று தலைவர் சொன்னார். இரண்டு முகங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் சந்தியில் தொங்குவதை அந்தப் பிள்ளை தினமும் கடந்து போக வேண்டியிருக்கும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் எட்டடிக்கு நாலடியில் பதாகை வந்துவிடும். அச்சுக்கூலி வாங்கமாட்டேன், ஃபிளெக்ஸுக்கு மட்டும் சங்கம் பணம் தரும். பதாகை வைத்தால் செயலாளருக்குத்தானே வருமானம் என்று யாராவது எழுதுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

12 ஜூலை, இரவு

எழுதிவிட்டார்கள்.

15 ஜூலை

தலவாக்கலைப் பக்கம் போகும் பஸ் நிற்கும் இடத்தில், மின்கம்பத்துக்கும் சைப்ரஸ் மரத்துக்கும் நடுவே பதாகை கட்டியாயிற்று. கட்டி முடித்து இறங்குவதற்குள் இரண்டாவது மாணவரின் மாமா வந்து, பிள்ளையின் முதலெழுத்து தவறு என்றார். நான் பாடசாலை கொடுத்த பட்டியலைக் காட்டினேன். அவர் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் காட்டினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சிங்களத்தில் பதிவான தமிழ்ப் பெயர் மறுபடியும் தமிழுக்கு வரும்போது தகப்பனின் பெயர் வேறொன்றாகிவிடுவது தோட்டங்களில் புதிதல்ல. என் தம்பிக்கும் எனக்கும் சான்றிதழ்களின்படி இரண்டு தகப்பன்மார். முதலெழுத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். வெயில் பட்டால் கீழே இருக்கும் பழைய எழுத்து தெரிகிறது. ஜூலையில் எங்கே வெயில் என்று மாமாவைச் சமாதானப்படுத்தினேன்.

19 ஜூலை

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாட்களாக யோசித்தேன். பெறுபேறு வந்த அன்று கடையில் கண்டதைச் சொல்லாமல் பதாகையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.

பெறுபேறு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் கடையைத் திறந்தேன். திணைக்களத்தின் இணையத்தளம் ஒரு முறை திறந்தால் நான்கு முறை சுற்றிக்கொண்டே நிற்கும். சுட்டெண் எழுதிய துண்டுக் காகிதங்களோடு பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாமாரும் வாசல்வரை நின்றார்கள். ஒரு தாய் கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கு அவிழ்க்கப்படவில்லை. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் பெறுபேற்றை அச்செடுத்துக் கொடுத்தபோது எல்லோரும் கை தட்டினோம். அதற்கு அடுத்ததாக வந்தது இந்தத் தாயின் மகளுடைய சுட்டெண். எட்டுப் பாடங்களில் சித்தி. தமிழில் ஏ, வரலாற்றில் பி, வேறு மூன்றில் சி, கணிதத்தில் மட்டும் சித்தியில்லை என்று சொல்லும் டபிள்யூ. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் பெற்றால்தான் உயர்தரத்துக்குத் தகுதி என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தாய்க்குத் தெரியாது. எட்டுப் பாடம் பாஸ் என்று கேட்டதும் அவர் சிரித்தார், மகள் சிரிக்கவில்லை. கணிதம் முப்பத்தைந்துக்குக் கீழே போய்விட்டது, ஆனால் மறுபடியும் எழுதலாம் என்று விளக்க வேண்டிய வேலை, தாளை அச்செடுத்த எனக்கு வந்து சேர்ந்தது. அதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தத் தாளுக்குக் காசு வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் பின்னால் நின்றவர்களிடமும் வாங்க வேண்டியிருந்தது.

இந்த முறை நம் பாடசாலையில் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 47 பேர். பதாகையில் மூவர்.

20 ஜூலை

நேற்றைய குறிப்புக்குப் பதில் எழுதிய தம்பி ஒருவர், சித்தியடையாதவர்களுக்கும் பதாகை வைக்கலாமே என்று கேலி செய்திருக்கிறார். நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. அவர் எந்த ஆண்டில் எத்தனை பாடங்களோடு வெளியே வந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதே எண்ணிக்கைதான், 1994இல். இருவரும் இதோடு நிறுத்திக்கொள்வோம்.

27 ஜூலை

பதாகையைக் காற்று கிழித்துவிட்டது. மூன்று நாள் மழைக்குத் தாங்கியது, நேற்றிரவுக் காற்றுக்குத் தாங்கவில்லை. இந்த மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று டிம்புல்லைச் சரிவுகளில் நேராக முட்டும் என்பதும், மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையில் இதே நாட்களில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித்தரும் வறண்ட காற்று வீசும் என்பதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். பதாகைக்குக் காற்றோட்ட ஓட்டை வெட்ட மறந்த அச்சுக்கடைக்காரருக்குத்தான் தெரியவில்லை. கிழிந்ததை அவிழ்த்துக் கம்பத்தடியில் சுருட்டி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அதையும் காணவில்லை.

10 ஓகஸ்ட்

இன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பாடசாலை வாசலில் பிள்ளைகளைவிடப் பெற்றோரின் முகம்தான் வெளிறியிருந்தது. சம்பந்தமில்லாமல் இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: வெட்டுப்புள்ளியைத் தாண்டும் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கும் இரண்டு மூன்று பேர் ஆறாம் வகுப்புக்கு நகரப் பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அவர்கள் எடுக்கும் ஒன்பது ஏ அந்த நகரத்தின் சந்தியில் தொங்கும். நம் பாடசாலை ஆண்டுக்கு மூன்று பேரைத்தான் உருவாக்கியது என்று பதாகையை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தப் பிள்ளைகளை எந்த வரிசையில் சேர்ப்பார்கள்? அவர்களுக்கு எழுத்தறிவித்த ஆரம்பப் பிரிவு மிஸ் இன்றும் இங்கேதான் இருக்கிறார்.

17 ஓகஸ்ட்

பதாகையிலிருந்த மூவரில் இருவர் உயிரியல் படிக்க விரும்புகிறார்கள். நம்முடையது 1சி பாடசாலை. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டுமே உண்டு. விஞ்ஞானம் படிக்க 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், அதுவும் தமிழ் மொழியில் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கும் பாடசாலையாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஹட்டனில் இடம் கிடைத்திருக்கிறது. மற்றவரின் தகப்பன் நேற்று வந்து, பஸ் செலவையும் அறை வாடகையையும் என் கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். பிறகு வர்த்தகமும் நல்ல படிப்புதானே சேர் என்று கேட்டார். நல்ல படிப்புதான் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் அவர் கேட்ட கேள்விக்கான பதிலும் அதுவல்ல.

நுவரெலியா மாவட்டத்துக்குக் கோட்டா இருக்கும்போது ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 60 வீதம் மாவட்டத்துக்கு என்பது உண்மை. ஆனால் அந்தக் கோட்டாவின் வாசலுக்குப் போவதற்கே முதலில் உயிரியல் கற்பிக்கும் வகுப்பறை வேண்டும்.

24 ஓகஸ்ட்

திருத்தம். 60 வீதம் மாவட்டத்துக்கு என்று நான் எழுதியது பிழை என்று ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எண்ணை மாற்றிக்கொள்கிறேன், வகுப்பறையைப் பற்றிச் சொன்னதை அப்படியே விடுகிறேன். அதே ஆசிரியர் 2013இல் வந்த தொழினுட்பப் பிரிவையும், 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தையும் நினைவூட்டினார். பின்னதில் சாதாரண தரத்தில் சறுக்கியவர்களும் தொழிற்பாடங்களோடு தொடரலாம். கணிதத்தில் டபிள்யூ வாங்கிய அந்தப் பிள்ளையை இதற்காகத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து மூன்று வாரமாகிவிட்டது என்று பாட்டி சொன்னார்.

13 செப்டெம்பர்

அதிபரிடம் அனுமதி கேட்டு, அலுவலக அலுமாரியிலிருந்த பழைய புத்தகங்களைப் பார்த்தேன். தோட்ட நிர்வாகத்திடமிருந்து அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில் நம்முடையதும் ஒன்று. எழுபதுகளின் பிற்பகுதியில் பொறுப்பேற்றபோது எழுதத் தொடங்கிய சம்பவத் திரட்டும் சேர்வு இடாப்பும் இன்னும் இருக்கின்றன. அதற்கு முன்பு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்த்த காலத்துக்கு எழுத்தில் எதுவுமில்லை. என் தகப்பன் படித்தது அங்கேதான், அவர் சொன்னதுதான் சான்று.

சம்பவத் திரட்டு சுவையான புத்தகம். மழையினால் வரவு குறைவு, இரண்டாம் பாடவேளையோடு பாடசாலை விடப்பட்டது. குளவி கலைந்ததால் பிள்ளைகள் வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டனர். கல்வி அதிகாரி வருகை, கரும்பலகை போதாது எனக் குறிப்பிட்டார். எண்பதுகளில் சுவீடன் உதவியோடு கட்டடம் வந்த நாளுக்கு மட்டும் முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்; அதைத்தான் நாம் இன்றும் சீடா பில்டிங் என்கிறோம். தொண்ணூறுகளில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரத் தொடங்கிய பிறகு கையெழுத்தும் மாறுகிறது, வாக்கியமும் நீள்கிறது.

சேர்வு இடாப்பைத் திறந்த பிறகுதான் எனக்குப் பேச்சு நின்றது. சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பனின் தொழில், விலகிய திகதி, விலகிய காரணம் என்று நிரல்கள். தொழில் நிரலின் முதல் வரியில் தோட்டத் தொழிலாளி என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே பக்கம் முழுவதும் மேற்படிக் குறி போட்டிருக்கிறார்கள். பேனாவுக்கு மிச்சம். ஆனால் கடைசி நிரலில், எழுபதுகளின் இறுதியிலிருந்து சில பக்கங்களுக்கு, இந்தியா பயணம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. அங்கே மேற்படிக் குறி இல்லை. எழுதியவர் யாரென்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஒரே நாளில் ஒரே லயத்திலிருந்து ஐந்து பிள்ளைகள் விலகியிருக்கிறார்கள். ஐந்து தடவை அந்த இரண்டு சொற்களையும் எழுதியிருக்கிறார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பிரித்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

புதிய இடாப்பில் அதே நிரலில், பதினொன்றாம் வகுப்போடு விலகியவர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. விடுகைப் பத்திரம் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் திகதி இருக்கிறது. கட்டாயக் கல்வி வயது பதினாறு. பதினாறைத் தாண்டியவரை எங்கே போனாய் என்று கேட்கும் கடமை யாருக்கும் இல்லை.

14 செப்டெம்பர்

மூத்தவர் ஒருவர் எழுதிய திருத்தம் சரியானது. 1964இல் எல்லோரையும் பிரித்து முடிக்கவில்லை; 150,000 பேரின் விடயத்தை ஒத்திவைத்து, 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றபோது, கடவுச்சீட்டோடு காத்திருந்த குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. அவர் அப்படித் தங்கியவர்களில் ஒருவர். பெட்டி கட்டியாயிற்று, பாடசாலையிலிருந்து விலகியாயிற்று, பிறகு வெட்கத்தோடு மறுபடியும் போய்ச் சேர்ந்தேன் என்கிறார். இடாப்பில் பார்த்தேன். அவர் பெயர் இரண்டு தடவை இருக்கிறது, இரண்டு சேர்விலக்கங்களில்.

2 ஒக்டோபர்

வாணி விழா நன்றாக நடந்தது. மாகாண மட்டம்வரை போன நாவன்மைப் போட்டிப் பேச்சை அந்த மாணவி மறுபடியும் பேசிக் காட்டினார். ஒலிவாங்கி நடுவில் செத்துவிட்டது, அவர் குரலை உயர்த்தினாரே தவிரப் பேச்சை நிறுத்தவில்லை. அவல் தீர்ந்துபோனதால் கடைசி வரிசைக்குக் கடலை மட்டும் கிடைத்தது. கடைசி வரிசையில் சங்க நிர்வாகிகள்தான் இருந்தார்கள், ஆகவே முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை.

25 ஒக்டோபர்

செப்டெம்பர் முதல் யோசித்துக்கொண்டிருந்ததைத் தீபாவளியில் செய்து பார்த்தேன். கொழும்பில் வேலை செய்யும் எந்தப் பிள்ளையும் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வராமல் இருக்காது. 47 பேரின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் வாங்கிக்கொண்டு, பண்டிகைக்கு முந்திய இரண்டு நாட்கள் பஸ் நிலையத்திலும், பண்டிகைக்கு அடுத்த நாள் லயங்களிலும் திரிந்தேன். கடன் வசூலிக்க வருகிறேன் என்று நினைத்து ஒரு வீட்டில் பின்வாசலால் போய்விட்டார்கள். அவர்கள் எனக்குக் கடன்பட்டவர்கள்தான், நான் அதைக் கேட்க வரவில்லை என்று லயம் கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று.

உயர்தரம் தொடர்பவர்கள் 22 பேர். அதில் இருவர் வெளிப் பாடசாலைகளில். பதாகையிலிருந்த இரண்டாவது உயிரியல்காரர் நம் பாடசாலையிலேயே வர்த்தகம் படிக்கிறார். பாடத்தைப் பற்றிக் கேட்டேன், கணக்கீடு பிடித்திருக்கிறது என்றார். அவர் தகப்பன் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் துணிக்கடை, ஹோட்டல், வீட்டு வேலை என்று 13 பேர். தோட்டத்திலேயே தொழிலாளியாகப் பெயர் பதிந்தவர் ஒருவர். தையல் வகுப்பு, வாகனத் திருத்தகம் என்று தொழில் பழகுபவர்கள் ஐந்து பேர். மீதி ஆறு பேரைப் பற்றி அவர்கள் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது என்பதைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

கணிதத்தில் டபிள்யூ வாங்கியவரைப் பார்த்தேன். காலில் புதுச் சப்பாத்து, தாய்க்குப் புதுச் சேலை. அடுத்த முறை கணிதம் எழுதலாமா, கடையில் லீவு தருவார்களா, விண்ணப்பம் எப்போது என்று அவராகவே கேட்டார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் விபரத்தைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

காணாமல் போன பதாகையும் கிடைத்தது. கீழ்லயத்தில் ஆட்டுப்பட்டிக்குக் கூரையாக இருக்கிறது. எழுத்துப் பக்கம் உள்ளே போட்டிருப்பதால் மூன்று பிள்ளைகளும் ஆடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டிக்காரரிடம் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. ஒழுகுகிறதா என்றேன், நல்ல சாமான் சேர், ஒரு சொட்டு இறங்கவில்லை என்றார். என் தொழிலுக்கு அண்மையில் கிடைத்த பாராட்டு இதுதான். ஸ்டிக்கர் மட்டும் விழுந்துவிட்டது.

26 ஒக்டோபர்

அடுத்த ஆண்டு பதாகை வேண்டாம் என்று நான் சொல்லப்போவதாக ஒருவர் ஊகித்திருக்கிறார். ஜூலையில் கேட்டிருந்தால் ஒருவேளை அப்படிச் சொல்லியிருப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மூன்றாவது மாணவியின் தாய், மழையில் குடையோடு பதாகைக்கு எதிரே நின்று பஸ்ஸைத் தவறவிட்டதைக் கண்டவன் நான். அதை எடுத்துவிடும் உரிமை எனக்கில்லை. அதிபரிடம் வேறொன்று கேட்டிருக்கிறேன். புதிய இடாப்பில் விலகிய காரணம் என்ற நிரலை, தொடர்ந்து படிப்பவர்களையும் சேர்த்து இந்த 47 பேருக்காவது பென்சிலால் நிரப்ப அனுமதி வேண்டும். இடாப்பில் பென்சில் கூடாது, பேனாதான் என்றார். அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பதும் அவருடைய நிபந்தனை. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

9 நவம்பர்

நாளை உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. நம் மண்டபம் இந்த முறையும் பரீட்சை நிலையம் என்பதால் நேற்று பழைய மாணவர்கள் நால்வர் போய் மேசைகளின் காலுக்கு அட்டை வைத்தோம். சீடா பில்டிங்கின் தரை மேற்குப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எழுதும்போது மேசை ஆடும். இருமொழி அறிவித்தல்களைக் கடையில் இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தேன். முதலெழுத்துகளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இடாப்பில் இதுவரை 38 வரிகள் நிரம்பியிருக்கின்றன. மூவர் எழுத வேண்டாம் என்றார்கள், அவை வெற்றாகவே இருக்கும். பூட்டிய கதவுகளுக்குரிய ஆறு பேரைத் தெரிந்தவர்கள் அவர்களுடைய பெயரை இங்கே எழுத வேண்டாம். கடைக்கு வந்து சொல்லுங்கள், அல்லது அவர்களையே ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். மழை நாட்களில் ஐந்து மணிக்கே பூட்டிவிடுவேன். பூட்டியிருந்தால் பக்கத்து ரொட்டிக் கடையில் கேளுங்கள், அங்கேதான் இருப்பேன்.